கசிய மறுத்த பானைகள்

திருகோணமலை பஸ் நிலையத்தில் இறங்கியதும் நான் ஒரு தாத்தாவைத் தேட ஆரம்பித்தேன்.

கிண்ணியாவிலிருந்து தொலைபேசியில் பேசிய பெண் தெளிவாகத்தான் சொல்லியிருந்தாள். "நீங்க ஒண்டுக்கும் பயப்படாதீங்க. தாத்தா வந்து நிப்பா. தாத்தாவோட ஓட்டோவில ஏறி வந்துடுங்க." 'நிப்பா' என்பது அந்த ஊர் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளைத் தாடி, தொப்பி, கையில் ஒரு குடை என்று மனத்துக்குள் நானே ஒரு தாத்தாவைத் தயாரித்தும் வைத்திருந்தேன். அதே அடையாளத்தோடு பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். போய் வணக்கம் சொன்னேன். அவரும் சொன்னார். பையோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கொஞ்சம் நகர்ந்தார். நானும் நகர்ந்தேன். அவர் எழுந்துபோய் அநுராதபுரம் பஸ்ஸில் ஏறினார். நானும் பின்னாலேயே போய்ப் படியில் கால் வைத்துவிட்டேன்.

யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். முக்காடு போட்ட, என் வயதை ஒத்த ஒரு பெண்.

"எங்க போறீங்க? இந்தியாவிலருந்து வந்தது நீங்கதானே?"

"ஆமாங்க. தாத்தாவோட போகணும். அவர் பஸ்ல ஏறிட்டாரு."

"நான்தான் தாத்தா" என்றார் அந்தப் பெண்.

அங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுகிறார்கள். இதை எனக்குப் புரியவைப்பதற்குள் அந்த ஊர்ப் புள்ளிமான் ஒன்று என் பைக்குள் தலையை விட்டு, முறுக்குப் பொட்டலத்தைக் காகிதத்தோடு தின்றுவிட்டது. எங்கள் ஊர்ப் பஸ் நிலையத்தில் மாடு நிற்பதுபோல அங்கே மான் நிற்கிறது. யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பௌசியா என்ற அந்தத் தாத்தா குடையால் அதன் முதுகில் ஒன்று போட்டார். அது கீழே சிதறிய ஒரு முறுக்கையும் எடுத்துக்கொண்டு நிதானமாக நடந்தது.

நான் முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரி. மழை எங்களிடம் கோபித்துக்கொண்டு போய்ப் பல காலம் ஆகிறது. கருவேல முள்ளை வெட்டிய இடத்தில் பெண்கள் சேர்ந்து காய்கறி போடுகிறோம். மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, தண்ணீர் ஊற்றி மூடி வைப்போம். பானை மெல்லக் கசியும். சுற்றி நட்ட செடியின் வேர் தனக்கு வேண்டியதை உறிஞ்சிக்கொள்ளும். வெயிலுக்கு ஒரு சொட்டுப் போகாது. இதை யாரோ வீடியோ எடுத்துப் போட, அதைக் கிண்ணியாவில் பௌசியா பார்த்துவிட்டார். அவர்களும் ஒரு குழு. தோட்டம் காய்கிறது, வந்து செய்துகாட்ட முடியுமா என்று தங்கையை விட்டுத் தொலைபேசியில் கேட்டார். வெளிநாட்டிலிருந்து ஒருவர் என்னை நிபுணி என்று கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. மறுப்பேனா?

ஓட்டோ குடாவைச் சுற்றிப் போனது. ஒரு பக்கம் துறைமுகத்தில் கப்பல்கள், இன்னொரு பக்கம் காய்ந்த புல்வெளி. நீளமான பாலத்தில் ஏறியதும் காற்று அடுப்பைத் திறந்ததுபோல முகத்தில் அடித்தது.

"இந்தக் கச்சானாலதான் எல்லாம் கருகிப் போகுது" என்றார் பௌசியா.

கச்சான் என்றால் அங்கே நிலக்கடலை. பஸ் நிலையத்தில் கூவி விற்றதைக் கேட்டிருந்தேன். நிலக்கடலை போட்டதால் மண்ணின் சத்து போய்விட்டது என்கிறார் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

"கச்சானைக் கொஞ்ச காலத்துக்கு நிறுத்திப் பாருங்களேன்" என்றேன்.

பௌசியா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நிறுத்த ஏலுமா? அது அல்லாஹ்ட கையிலல்லவா இருக்கு?"

ஓட்டோக்காரர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தார். அந்தப் பருவத்தில் மேற்கிலிருந்து வரும் அனல் காற்றுக்கும் கச்சான் என்றே பெயராம். என் நிபுணத்துவம் பாலம் தாண்டுவதற்குள்ளேயே கசிய ஆரம்பித்துவிட்டது.

தோட்டத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. மணல் கலந்த நிலம். தென்னோலை வேலி. கத்தரி, மிளகாய், வெண்டி, பயித்தங்காய் எல்லாம் இருந்தன; எல்லாம் தலை தொங்கி நின்றன. கிணற்றில் வாளியை விட்டால் அடியில் இடிக்கிற சத்தம்தான் முதலில் வந்தது. பவுசர் எனப்படும் தண்ணீர் லாரி நினைத்தபோது வந்து ஒரு தொட்டியை நிரப்பிப் போகும். கிண்ணியாப் பெண்களும் தம்பலகாமம் பக்கத்துத் தமிழ்ப் பெண்களும் சேர்ந்து நடத்தும் தோட்டம் அது. குளத்தில் தண்ணீர் இல்லாததால் அந்தப் போகம் வயல் விதைக்கவே இல்லை. பல வீட்டுச் சமையலுக்கு இந்தத் தோட்டம்தான் காய்கறி.

குழுவில் யோகம் என்று ஒருத்தி. மெலிந்த உடம்பு, உரத்த குரல். வந்தவுடன் விஷயத்தைச் சொன்னவள் அவள்தான்.

"காணி எங்கட இல்லை அக்கா. ஹாஜியார் சும்மா தந்தவர். இப்ப சீமெந்துக் கல் அறுக்கிற ஒராள் வந்து கேட்டுக்கொண்டு நிக்கிறான். ஹாஜியாற்ற தங்கச்சி மகளின்ர கலியாணம் முடிய, அடுத்த வெள்ளி பள்ளியில தொழுதுபோட்டு வந்து பாப்பாராம். பச்சையா இருந்தா எங்களுக்கு. இல்லையெண்டா கல்லுக்கு."

"பச்சையா இருக்கும்" என்றேன். எவ்வளவு தைரியம்!

மறுநாள் காலை புட்டும் மீன் ஆணமும். குழம்பைத்தான் அவர்கள் ஆணம் என்கிறார்கள். பௌசியா வைத்துக்கொண்டே இருந்தார். போதும் என்று நான் சொன்னதை அவர் வெட்கம் என்று எடுத்துக்கொண்டார். மூச்சுவிட முடியாமல் யோகத்தின் கணவர் சிவத்தின் லாண்ட்மாஸ்டரில் ஏறினேன். லாண்ட்மாஸ்டர் என்பது இரண்டு சக்கர உழவு இயந்திரத்தில் ஒரு பெட்டியைக் கட்டி இழுப்பது. அதில் பயணம் செய்கிறவருக்குத் தன் உடம்பில் எத்தனை எலும்பு இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

தம்பலகாமம் பக்கத்தில் பானை விற்பவரிடம் பௌசியா முன்பே தொலைபேசியில் சொல்லிவைத்திருந்தார். பானைகள் வரிசையாகத் தயாராக இருந்தன. செக்கச்செவேல் என்று அழகாக இருந்தன.

கடைக்காரர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். "இவ்வளவு பானை! எந்தக் கோயில் கும்பாபிஷேகம் அம்மா?"

"கோயில் இல்லைங்க. தோட்டத்துக்கு."

"தோட்டத்துக்குள்ள கோயிலோ? நல்லது, நல்லது."

பக்கத்தில் முக்காடோடு நின்ற பௌசியாவை அவர் கொஞ்சம் குழப்பத்தோடு பார்த்தார். பிறகு, காலம் மாறிவிட்டது என்று தனக்குள் சமாதானம் செய்துகொண்டவர்போலத் தலையசைத்தார்.

"சிவப்பா என்ன பூசியிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"காவி."

காவி மண்தானே, தண்ணீரைத் தடுக்காது என்று விட்டுவிட்டேன். எங்கள் ஊரில் என்றால் ஒரு பானையில் தண்ணீர் ஊற்றி ஒருநாள் பார்க்காமல் புதைக்கவே மாட்டோம். இங்கே மண்வெட்டியோடு பெண்கள் காத்திருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை வேறு வந்துகொண்டிருக்கிறது. அவசரம்.

திரும்பும் வழியில் குளக்கட்டுப் பக்கம் சிவம் வண்டியை நிறுத்தி இயந்திரத்தையும் அணைத்தார்.

"அசையாமல் இருங்கோ. அவர் நிக்கிறார்."

"யாரு?"

சிவம் மோவாயால் காட்டினார். வீதியோரப் புதருக்குள்ளிருந்து ஒரு யானை வெளியே வந்தது. கோயில் யானை அல்ல. நெற்றியில் பட்டம் கிடையாது, ஆசீர்வாதம் செய்கிற எண்ணமும் கிடையாது. நான் பானைகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்தேன். பௌசியா கண்ணை மூடி ஓத ஆரம்பித்தார். எனக்குத் தெரிந்த பிள்ளையார் பாட்டு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அவருடைய சொந்தக்காரரே எதிரில் நிற்கும்போது என்ன பாடுவது?

"பூசணிக்காய் எண்டு நினைக்கிறார்" என்று சிவம் முணுமுணுத்தார். "அவருக்கு அதெண்டா உயிர்."

உருண்டையாக, சிவப்பாக, ஒரு பெட்டி நிறைய. யானை வந்தது. தும்பிக்கையால் ஒரு பானையைத் தூக்கியது. தரையில் வைத்துக் காலால் மெதுவாக அமுக்கியது. பானை நொறுங்கியது. ஓட்டுத்துண்டை மோந்து பார்த்தது. உள்ளே ஒன்றும் இல்லை. அப்போது அது எங்களைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. ஏமாற்றுக்காரர்கள்! ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மறுபக்கக் காட்டுக்குள் போய்விட்டது.

"நல்ல மனிசன்" என்றார் சிவம், வண்டியைக் கிளப்பியபடி.

அன்று மாலையும் மறுநாளும் குழி தோண்டினோம். பானைகளைக் கழுத்தளவு புதைத்து, தொட்டித் தண்ணீர் முழுவதையும் அவற்றில் நிரப்பி, ஓட்டுத்துண்டு வைத்து மூடினோம். செடிகளுக்கு மேலே தண்ணீர் விடக்கூடாது, வேர் பானையைத் தேடி வர வேண்டும் என்று விளக்கினேன். பெண்கள் ஆர்வமாகக் கேட்டார்கள். பிளேன்ரீ என்கிற பாலில்லாத தேநீரும் பனங்கட்டியும் கொடுத்தார்கள்.

அடுத்த நாள் காலையில் பௌசியா ஓடி வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"தங்கச்சி, உங்கட வேலை அருமை! தண்ணி கொஞ்சமும் குறையல்ல!"

பெண்கள் ஒவ்வொரு மூடியாகத் திறந்து காட்டினார்கள். ஊற்றிய தண்ணீர் ஊற்றியபடி கழுத்துவரை நின்றது. "எவ்வளவு மிச்சம்!" என்றாள் ஒருத்தி. "இனிப் பவுசரே தேவையில்லை" என்றாள் இன்னொருத்தி. முதல் நாள் அப்படித்தான் இருக்கும், மண் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவைத்தேன். யாரிடம் சொன்னேன் என்றால், எனக்கு நானே.

அதற்கடுத்த நாளும் குறையவில்லை. பெண்கள் பக்கத்துத் தெருக்காரர்களை அழைத்துவந்து காட்டினார்கள். செடிகளைக் காட்டவில்லை, பானைகளைத்தான் காட்டினார்கள். செடிகள் பார்க்கும்படியாக இல்லை. யோகம் மட்டும் தன் மிளகாய்க் கன்றுகளையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று பி.எச்.ஐ. வந்தார். சுகாதாரப் பரிசோதகரை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். டெங்கு நுளம்பு, அதாவது கொசு, எங்கே முட்டையிடுகிறது என்று வீடு வீடாகப் பார்ப்பது அவர் வேலை. கண்ணாடி போட்ட, மென்மையாகப் பேசுகிற மனிதர். வேலிக்கு வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"என்ன புதைச்சு வச்சிருக்கிறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் பௌசியா பெருமையோடு முன்னால் போனார். "வாங்க சேர், பாருங்க. இந்தியாத் தொழில்நுட்பம்."

அவர் குனிந்து ஒரு மூடியைத் திறந்தார். டார்ச் அடித்தார். "இந்தத் தண்ணி எப்ப ஊத்தினது?"

"அது சேர், நாங்க புதைச்ச அண்டைக்கு ஊத்தினது. ஒரு சொட்டுக் குறையல்ல! நீங்க எத்தனை நாள் கழிச்சு வந்தாலும் அப்படியே நிக்கும்!"

பின்னால் நின்ற பெண்கள் எல்லாரும் "ஓம் சேர், ஓம் சேர்" என்று சாட்சி சொன்னார்கள்.

பி.எச்.ஐ. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த மூடி, அதற்கடுத்த மூடி. எல்லாவற்றிலும் தேங்கிய தண்ணீர். நுளம்புக்கு இதைவிட நல்ல வீடு கட்டித்தர யாராலும் ஏலாது என்றார். குரலை உயர்த்தவே இல்லை. இன்றைக்கே எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும், திரும்ப வருவேன், இப்படியே இருந்தால் வழக்குப் போட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

அவர் போனதும் பௌசியா கடைக்காரருக்குத் தொலைபேசி எடுத்தார். ஒலிபெருக்கியில் போட்டார்.

"காவி மட்டும்தானே பூசினீங்க?"

"காவி பூசி, அதுக்கு மேல ரெண்டு தரம் வார்னிஷும் அடிச்சனான் தங்கச்சி" என்றது பூரிப்பான குரல். "சாமிக் காரியமெல்லே. ஒரு சொட்டு ஒழுகக்கூடாது எண்டு பாத்துப் பாத்துச் செய்தனான். வார்னிஷுக்குக் காசும் வேண்டாம், அது என்ர உபயம்."

கச்சான் காற்று ஓலை வேலியைப் போட்டு உலுக்கியது. பிறகு யோகம் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, உங்கட ஊரில செத்த செடியையும் வீடியோ எடுக்கிறவையோ?"

சிரட்டையால் பானைத் தண்ணீரை மொண்டு செடிகளின் தூரில் ஊற்றினோம். அந்த ஒருவேளைத் தண்ணீர்தான் அவற்றைச் சாகாமல் பிடித்து வைத்தது. இவர்கள் குடிக்கவும் குளிக்கவும் சுருக்கி மிச்சம் பிடித்த தண்ணீர் அது. நான் வராமல் இருந்திருந்தால், வழக்கம்போல ஊற்றியாவது ஒரு பாதியைக் காப்பாற்றியிருப்பார்கள். பௌசியா என் தோளில் தட்டி, "விடுங்க புள்ள, நானும்தான் வாய் கிழியக் கதைச்சேன்" என்றார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் காலை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பௌசியா விடுவதாக இல்லை. "சோறு வேணாமெண்டா தயிராவது சாப்பிடுங்க. கிண்ணியாவுக்கு வந்து தயிர் சாப்பிடாமப் போனா ஊருக்கே வெட்கம்." எருமைத் தயிர். அகன்ற மண்சட்டியில் தோய்த்து, அந்தச் சட்டியோடேயே விற்கிறார்கள். கவிழ்த்தாலும் விழாத கெட்டி. மேலே பாணி என்கிற இனிப்புப் பாகை ஊற்றித் தந்தார். முதல் கரண்டியிலேயே என் துக்கம் பாதி குறைந்தது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

சட்டியைக் கொஞ்சம் என் பக்கம் இழுத்தேன். அடியில் விரித்திருந்த பத்திரிகைத்தாளும் கூடவே வந்தது. ஒட்டிக்கொண்டிருந்தது. சட்டியைத் தூக்கிப் பார்த்தேன். தாளில் வட்டமாக ஈரம்.

"இது என்ன ஈரம்?"

"சட்டி குடிச்சிட்டுக் கக்குறது. அதாலதான் தயிர் கெட்டியா வரும். பிளாஸ்டிக்கில தோய்ச்சா வருமா?" என்று சொல்லிக்கொண்டே போன பௌசியா பாதியில் நிறுத்தினார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம்.

அவர் வீட்டுப் பின்புறம் தயிர்ச்சட்டிகள் ஒரு ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. எல்லார் வீட்டிலும் கிடக்கும். தூக்கி எறியவும் மனம் வராது, வைத்து என்ன செய்வது என்றும் தெரியாது. ஒன்றை எடுத்துக் கழுவித் தண்ணீர் ஊற்றினேன். கசியவில்லை! பழைய சட்டி, வெண்ணெய் ஊறித் துளையெல்லாம் அடைத்திருந்தது. தென்னம்பாளையையும் மட்டையையும் போட்டுத் தீ மூட்டி அதைச் சுட்டோம். ஆறவைத்துத் திரும்பவும் தண்ணீர் ஊற்றினோம். சாயங்காலம் அதன் வெளிப்புறம் வேர்த்துப்போய் நின்றது. இந்த முறை அவசரப்படவில்லை. ஒரு சட்டியை வெண்டிச் செடிக்கருகே புதைத்து மறுநாள்வரை காத்திருந்து, விரலைவிட்டு மண்ணைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் மற்றவர்களைக் கூப்பிட்டோம்.

யோகமும் வந்து விரலை விட்டுப் பார்த்தாள். ஈரமண்ணை உருட்டிப் பார்த்தாள். "இது சரி" என்றாள். பிறகு, "சட்டி காணாது" என்றாள்.

உண்மைதான். சட்டி அகலம் அதிகம், ஆழம் குறைவு. ஒரு பானை இடத்துக்கு இரண்டு மூன்று வேண்டும். மூடியாகக் கவிழ்க்க வேறு வேண்டும். வீடு வீடாகப் போய்ச் சேர்த்தோம். பிளேன்ரீ குடிக்காமல் ஒரு வீட்டிலும் சட்டி தரவில்லை. அப்படியும் போதவில்லை. அப்போதுதான் பௌசியா, "ஞாயித்துக்கிழமை கலியாண வீடு இருக்கு. ஊருக்கே தயிர்" என்றார்.

அந்தக் கலியாண வீட்டு மதியச் சாப்பாட்டை என்னால் ஒழுங்காக விவரிக்க முடியாது. சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி ஆறு பெண்கள் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட்டோம். நெய்ச்சோறும் இறைச்சியும் இருந்ததாக ஞாபகம். என் கண் முழுக்கத் தயிர்ச்சட்டியில் இருந்தது. காலியாகும் சட்டியை யோகம் ஒரு சாக்கில் போட்டுக்கொண்டே வந்தாள். காலியாகாததைப் பௌசியா, "என்ன புள்ள, தயிரை மிச்சம் வச்சா மாப்பிள்ளைக்கு ஆகாது" என்று புதிதாக ஒரு சாஸ்திரம் சொல்லிக் காலியாக்கினார்.

பின்வாசல் பக்கம் போனேன். சமையல் மேற்பார்வையில் நின்ற பெரியவர் ஒருவர், வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக, ஒரு சட்டியை நெஞ்சோடு அணைத்துக் கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் ரகசியமாகச் சாப்பிடுவதுபோல இருந்தது. காத்து நின்றேன். அவர் ரசித்து ரசித்துச் சாப்பிட்டார்.

"ஐயா, முடிச்சிட்டீங்கன்னா அந்தச் சட்டியக் குடுத்திருங்க."

"முடியல்லையே" என்றார்.

"பரவாயில்லங்க, மெதுவாச் சாப்பிடுங்க." அப்படியே நின்றேன். அவர் இரண்டு கரண்டி எடுத்தார். "கொஞ்சம் வேகமாச் சாப்பிட்டாலும் நல்லதுதான்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். மிச்சத்தை இரண்டே வாயில் விழுங்கிவிட்டுச் சட்டியை நீட்டினார். திரும்பினால் பௌசியா வாசலில் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அதுதான் காணிக்கார ஹாஜியார். டொக்டர் அவருக்குத் தயிரைத் தொடவே வேணாமெண்டு சொல்லியிருக்கிறார்."

சட்டிகளைச் சுட்டு, புதைத்து, பவுசர் கொண்டுவந்த தண்ணீரை நிரப்பி, கவிழ்த்து மூடி முடித்தபோது தோட்டம் முழுக்கத் தயிர் வாசனை. ஊர்ப் பூனைகள் வேலிக்கு வெளியே கூட்டம் போட்டுப் பேசின. காகங்கள் வந்து மூடியைத் தட்டிப் பார்த்தன. ஆனால் தண்ணீர் குறைந்தது. ஒவ்வொரு காலையும் மூடியைத் திறந்து, குறைந்திருக்கிறது, குறைந்திருக்கிறது என்று கூவினோம். கேட்டவர்கள் எங்களுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். பி.எச்.ஐ. திரும்பி வந்து பார்த்தார். சட்டிகளில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. எல்லாவற்றுக்கும் மூடியும் இருந்தது. "இரண்டு நாளைக்கு மேல ஒண்டிலயும் தண்ணி நிக்க விடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வெண்டி முதலில் தலை நிமிர்ந்தது. பிறகு கத்தரி. மிளகாயில் கொஞ்சம் போய்விட்டது. யோகம் அந்த இடத்தில் புதுக் கன்று வைத்தாள்.

வெள்ளி வந்தது. தொழுகை முடிந்து ஹாஜியார் வந்தார், கூடவே கல் அறுக்கிறவரும். அவர் கையில் அளவு நாடா. பெண்கள் வரிசையாக நின்றோம். பச்சை என்று சொன்னால் பச்சைதான்; செழிப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கல்காரர் நாடாவை இழுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்து ஒரு மூடியின் மேல் காலை வைத்தார். படாரென்று உடைந்தது.

"கண்ணை எங்க வச்சுக்கொண்டு வாறீர்?" யோகத்தின் குரல் குடாவின் அக்கரைக்குக் கேட்டிருக்கும். "ஒரு சட்டிக்கு நாங்கள் எத்தனை வீடு ஏறி இறங்கினனாங்கள் தெரியுமோ? அளக்கிறதெண்டா வேலிக்கு வெளியால நிண்டு அளவும்!"

கல்காரர் நாடாவோடு வேலிக்கு வெளியே போய் நின்றார்.

ஹாஜியார் குனிந்து உடைந்த ஓட்டுத்துண்டை எடுத்தார். கீழே சட்டியில் பாதித் தண்ணீர். பக்கத்து மண்ணில் விரலை விட்டார். விரலில் மண் ஒட்டியது. ஒரு முழம் தள்ளி விரலை விட்டார், புழுதி. மறுபடி ஈரத்தில் விட்டார்.

"எத்தனை நாளைக்கு ஒருக்கா ஊத்துறீங்க?"

"ரெண்டு நாளைக்கு ஒருக்கா, ஹாஜியார்" என்றார் பௌசியா. "முந்தி ஊத்தினதில பாதிதான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தயிரை முடிக்கச் சொல்லி என்னை அவசரப்படுத்தினது இதுக்குத்தானா?"

"ஆமாங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. வரிசை வரிசையாக நடந்தார். ஒரு கத்தரிக்காயைப் பறித்து முகர்ந்தார். "மாரி வரைக்கும் செய்யுங்க. அதுக்குப் பிறகு கதைப்பம்" என்றார். என்றைக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் மழைக்காலம் வரைக்கும் என்றால் ஒரு அறுவடை. பௌசியா வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். யோகம் வேலிப் பக்கம் திரும்பி எதையோ சரிசெய்வதுபோல நின்றாள்.

போகும்போது ஹாஜியார் தயங்கினார். "மூலையில எனக்கும் ஒரு பாத்தி தந்தா, பச்சைமிளகாய் போடலாம்."

காணியே அவருடையது. ஆனாலும் பெண்கள் ஒன்றுகூடிக் கதைத்தார்கள். யோகம்தான் தீர்ப்பைச் சொன்னாள். "தாறம். ஆனா இஞ்ச தண்ணி சுமக்காத ஆக்களுக்குப் பாத்தி இல்லை."

ஹாஜியார் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். யாரும் சேர்ந்து சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நான் புறப்பட்ட அன்று காலை, ஓட்டோவைத் தோட்டப் பக்கமாக விடச் சொன்னேன். மூலையில் ஹாஜியார் சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு வாளியோடு தள்ளாடி நடந்து வந்துகொண்டிருந்தார். பின்னால் யோகத்தின் குரல்: "ஹாஜியார், தண்ணிய உங்கட காலில ஊத்தாதீங்கோ, சட்டியில ஊத்துங்கோ!"

என்னைக் கண்டதும் அவர் வாளியைக் கீழே வைத்தார். தொப்பியை நேராக்கினார். கனவான்போல ஒரு ஸலாம் சொன்னார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, திரும்பவும் வாளியைத் தூக்கினார்.